இணையத்தளம் உருவாக்க எந்த மென்பொருள்? தேர்ந்தெடுக்கும் முன் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்



உங்கள் இடைநிலைப்பள்ளித் தமிழ்மொழிக் கழகத்திற்கு ஓர் இணையத்தளம் அமைக்கும் பொறுப்பு உங்களிடம் வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கழக நடவடிக்கைகள், போட்டி முடிவுகள், மாணவர்களின் கட்டுரைகள், படங்கள், ஒரு சிறிய புதிர்ப்போட்டி ஆகியவை அதில் இடம்பெற வேண்டும். எந்த மென்பொருளைப் பயன்படுத்துவீர்கள்?

இந்தக் கேள்வியைப் பத்துப் பேரிடம் கேட்டால் பத்துப் பெயர்கள் வரும். இன்று புகழ்பெற்றிருக்கும் மென்பொருள் இன்னும் ஐந்தாண்டுகளில் இருக்குமா என்பதும் உறுதியில்லை. ஆகவே, பெயர்ப்பட்டியலை மனனம் செய்வதைவிட, தேர்ந்தெடுக்கும் முறையைக் கற்றுக்கொள்வது பயன் தரும். அந்த முறையில் ஐந்து கேள்விகள் உள்ளன. அவற்றைப் பார்ப்பதற்கு முன், இணையப் பக்கம் என்பது எதனால் ஆனது என்று தெரிந்துகொள்வோம்.

பக்கத்தின் உள்ளே இருப்பவை

உலாவியில் நாம் காணும் பக்கம் பெரும்பாலும் மூன்று வகை மொழிகளால் ஆனது.

எச்டிஎம்எல் - எது என்ன என்பதைச் சொல்கிறது. இது தலைப்பு, இது பத்தி, இது படம், இது இன்னொரு பக்கத்திற்கான இணைப்பு என்று குறிக்கிறது.

சிஎஸ்எஸ் - எப்படித் தோன்ற வேண்டும் என்பதைச் சொல்கிறது. நிறம், எழுத்தின் அளவு, இடைவெளி, சிறிய திரையில் பகுதிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கப்படும் விதம் ஆகியவை இதன் வேலை.

ஜாவாஸ்கிரிப்ட் - பயனர் எதையாவது செய்யும்போது என்ன நிகழ வேண்டும் என்பதைச் சொல்கிறது.

புதிர்ப்போட்டிப் பக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கேள்வியும் நான்கு விடைகளும் எச்டிஎம்எல் கோப்பில் இருக்கும். சரியான விடை பச்சை நிறத்தில் தெரிய வேண்டும் என்பதை சிஎஸ்எஸ் கூறும். பொத்தானை அழுத்தியதும் விடையைச் சரிபார்த்து மதிப்பெண்ணைக் கூட்டுவது ஜாவாஸ்கிரிப்டின் வேலை.

இம்மூன்றும் வெறும் எழுத்துக் கோப்புகள். விண்டோஸ் கணினியில் உள்ள சாதாரண நோட்பேடில்கூட அவற்றைத் திறந்து படிக்கலாம், திருத்தலாம். இலவச மென்பொருளானாலும் பல நூறு ரிங்கிட் விலையுள்ள மென்பொருளானாலும், முடிவில் உலாவிக்குப் போய்ச் சேர்பவை இந்தக் கோப்புகளும் படங்களும்தான். இதை நினைவில் வைத்துக்கொண்டால் விளம்பரங்களைப் பார்த்து மலைக்க வேண்டியதில்லை.

நிலைத்ததும் மறைந்ததும்

சுவிட்சர்லாந்தின் ஜெனீவா நகருக்கு அருகிலுள்ள செர்ன் ஆய்வகத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ்-லீ, உலகின் முதல் இணையத்தளத்தை உருவாக்கினார். 1991ஆம் ஆண்டில் அது ஆய்வகத்திற்கு வெளியே உள்ளவர்களுக்கும் திறந்துவிடப்பட்டது. 1993 ஏப்ரல் 30ஆம் நாள், இந்தத் தொழில்நுட்பத்தை யார் வேண்டுமானாலும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று செர்ன் அறிவித்தது. அந்த முதல் தளத்தின் 1992ஆம் ஆண்டுப் படியொன்றை 2013இல் செர்ன் பழைய முகவரியிலேயே மீண்டும் வைத்தது. முப்பது ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட அந்தப் பக்கம், இன்று உங்கள் கைப்பேசியில் உள்ள உலாவியிலும் திறக்கிறது. படமோ வண்ணமோ இல்லாவிட்டாலும் எல்லா எழுத்தும் படிக்கக் கிடைக்கிறது.

இனி, இதற்கு எதிரான கதை ஒன்று. 2000ஆம் ஆண்டுகளில் ஃபிளாஷ் என்ற மென்பொருள் உலகமெங்கும் பரவியிருந்தது. அசைவூட்டப் படங்கள், விளையாட்டுகள், கல்விப் பயிற்சிகள், சில சமயம் முழு இணையத்தளமே அதில் செய்யப்பட்டன. ஆனால், ஃபிளாஷ் கோப்பை உலாவியால் தானாகப் படிக்க முடியாது. ஒரே நிறுவனம் வெளியிடும் கூடுதல் செருகுநிரல் தேவைப்பட்டது. பாதுகாப்புக் குறைகள் அதில் அடிக்கடி தலைகாட்டின. 2007இல் வெளிவந்த ஐபோன் தொடக்கத்திலிருந்தே அதை ஏற்கவில்லை. 2020 டிசம்பர் 31ஆம் நாளுடன் அடோபி நிறுவனம் ஃபிளாஷுக்கான ஆதரவை நிறுத்தியது. 2021 ஜனவரி 12 முதல் அந்தச் செருகுநிரல் கோப்புகளை இயக்க மறுத்தது. இன்று சில ஆர்வலர்கள் பழைய ஃபிளாஷ் கோப்புகளை ஓட்டிக்காட்டும் மென்பொருள்களை உருவாக்கி ஒரு பகுதியை மீட்டிருக்கிறார்கள். எஞ்சியவை திறப்பதில்லை.

மூன்றாவது கதையையும் கேளுங்கள். ஆட்டம், பிராக்கெட்ஸ் என்ற இரண்டு இலவச நிரல் திருத்திகளைப் பல மாணவர்கள் விரும்பிப் பயன்படுத்தினர். பிராக்கெட்ஸுக்கான ஆதரவை அடோபி 2021இலும், ஆட்டத்தின் மேம்பாட்டை கிட்ஹப் 2022இலும் நிறுத்தின. ஆனால், அவற்றில் எழுதப்பட்ட பக்கங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஏனென்றால், அவை உருவாக்கிய கோப்புகள் பொதுத்தரத்தில் அமைந்த எழுத்துக் கோப்புகள். மாணவர்கள் அதே கோப்புகளை வேறொரு திருத்தியில் திறந்து வேலையைத் தொடர்ந்தார்கள்.

மூன்றிலும் மென்பொருளோ நிறுவனமோ மாறியிருக்கிறது. உழைப்பு எங்கே தப்பியது, எங்கே அழிந்தது என்று பாருங்கள். எல்லாரும் படிக்கக்கூடிய பொதுத்தரத்தில் கோப்பு இருந்த இடத்தில் உழைப்பு தப்பியது. நாம் கேட்கப்போகும் கேள்விகளுக்கு அடிப்படை இதுதான்.

கேள்வி 1: தளம் என்ன செய்ய வேண்டும்?

கணினியைத் தொடுவதற்கு முன் ஒரு தாளில் எழுதுங்கள். தளத்திற்கு வருபவர் எதைத் தேடி வருவார்? அவர் படிக்க மட்டும் போகிறாரா, அல்லது எதையாவது பதிந்துவிட்டுப் போக வேண்டுமா?

எல்லாருக்கும் ஒரே உள்ளடக்கத்தைக் காட்டும் தளத்தை நிலைத்தளம் எனலாம். கழக வரலாறு, நிகழ்ச்சிப் படங்கள், கட்டுரைகள் ஆகியவற்றுக்கு இதுவே போதும். மதிப்பெண்ணைச் சேமித்து வைக்காத சிறிய புதிர்ப்போட்டியையும் இதில் வைக்கலாம். கணக்குப் பார்க்கும் வேலை முழுவதும் பயனரின் உலாவியிலேயே நடந்துவிடும்.

பயனர் கடவுச்சொல் இட்டு உள்ளே நுழைய வேண்டும், ஒவ்வொருவரின் மதிப்பெண்ணும் சேமிக்கப்பட வேண்டும், கருத்துகள் பதிவாக வேண்டும் என்றால் அது இயங்குதளமாகிறது. அதற்கு வழங்கிக் கணினியில் ஓடும் பிஎச்பி போன்ற மொழியும் தரவுத்தளமும் தேவை. படிவம் 5 கணினி அறிவியல் பாடத்தில் இணையம் சார்ந்த நிரலாக்கத்தைப் பயில்பவர்கள் இதை அறிவார்கள். உங்கள் கணினியிலேயே இப்படிப்பட்ட தளத்தை ஓட்டிப் பார்க்க எக்ஸாம்ப் என்ற இலவசத் தொகுப்பு உதவும்.

தொடக்கத்திலேயே இயங்குதளம் வேண்டாம். கடவுச்சொல்லையும் மாணவர் விவரங்களையும் சேமித்தால், அவற்றைக் காக்கும் பொறுப்பும் உங்களுடையதாகிறது. அந்தத் தேவை உண்மையில் எழும்வரை நிலைத்தளமே பாதுகாப்பானது, வேகமானது, செலவு குறைந்தது.

கேள்வி 2: யார் கட்டுவார், யார் பராமரிப்பார்?

தளத்தைக் கட்டுவது சில வாரங்களில் முடிந்துவிடும். பராமரிப்பது ஆண்டுக்கணக்கில் நீளும். படிவம் 5 மாணவர் பள்ளியை விட்டுச் சென்ற பிறகு யார் தொடர்வார் என்று இப்போதே கேளுங்கள். விடைக்கு ஏற்ப மூன்று வழிகள் உள்ளன.

முதல் வழி, நிரல் திருத்தி. விஷுவல் ஸ்டூடியோ கோட், நோட்பேட் பிளஸ் பிளஸ் ஆகியவை இவ்வகை. இரண்டும் இலவசம். விஷுவல் ஸ்டூடியோ கோட் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும். நோட்பேட் பிளஸ் பிளஸ் விண்டோஸுக்கு மட்டும் உரியது. பழைய கணினியிலும் விரைவாகத் திறக்கும். குரோம்புக் மட்டுமே கையில் இருந்தால், உலாவியிலேயே ஓடும் விஷுவல் ஸ்டூடியோ கோட் பதிப்பைப் பயன்படுத்தலாம். சாதாரண நோட்பேடைவிட இவை எந்த வகையில் மேல்? குறிகளை நிறம் பிரித்துக் காட்டுகின்றன. விட்டுப்போன அடைப்புக்குறியைக் கண்டுபிடிக்க உதவுகின்றன. பல கோப்புகளில் ஒரே நேரத்தில் ஒரு சொல்லைத் தேடி மாற்றுகின்றன. இவ்வழியில் கற்க நேரம் பிடிக்கும். ஆனால் கற்றது உங்களோடு வரும்.

வேர்டு போன்ற ஆவண மென்பொருளில் நிரல் எழுதாதீர்கள். நேரான மேற்கோள் குறியை அது தானாகவே வளைந்த மேற்கோள் குறியாக மாற்றிவிடும். நம் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். உலாவிக்கு அவை வெவ்வேறு எழுத்துகள். அதனால் படமும் இணைப்பும் வேலை செய்யாமல் போகும்.

இரண்டாம் வழி, இழுத்து வைத்துக் கட்டும் சேவைகள். கூகள் சைட்ஸ், விக்ஸ் போன்றவை இவ்வகை. நிரல் தெரியாதவரும் ஒரே மாலையில் அழகான பக்கத்தை வெளியிடலாம். அடுத்த மாதம் நடக்கும் ஒரு நிகழ்ச்சிக்குத் தளம் தேவை என்றால் இது நல்ல தேர்வு. ஆனால், சேவை தரும் அச்சுக்குள்தான் வேலை செய்ய முடியும். அங்குக் கட்டியதை அப்படியே வேறிடத்திற்குக் கொண்டுபோவதும் எளிதன்று. கல்வி அமைச்சின் டெலிமா வழி கிடைத்த கணக்கில் தளம் அமைப்பதாக இருந்தால், நீங்கள் பள்ளியை விட்டுச் சென்றபின் அக்கணக்கும் அதிலுள்ள தளமும் என்ன ஆகும் என்று முன்கூட்டியே ஆசிரியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாம் வழி, உள்ளடக்க மேலாண்மை மென்பொருள். 2003இல் வெளிவந்த வேர்ட்பிரஸ் இவ்வகையில் மிகவும் பரவியது. ஒருவர் தளத்தை அமைத்துவிட்டால், மற்றவர்கள் மின்னஞ்சல் எழுதுவதுபோல் கட்டுரைகளை எழுதிச் சேர்க்கலாம். வாரந்தோறும் பலர் எழுதும் தளத்திற்கு ஏற்றது. இது திறமூல மென்பொருள் என்பதால் கட்டணம் இல்லை. ஆனால், இதை ஓட்ட வழங்கியும் தரவுத்தளமும் வேண்டும். மென்பொருளையும் அதன் செருகுநிரல்களையும் தவறாமல் புதுப்பித்து வர வேண்டும். ஓராண்டு கவனிக்காமல் விட்டால், ஊடுருவிகள் உள்ளே நுழைய வழி திறந்துவிடும்.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் கேட்ட மாத்திரத்தில் நிரல் எழுதித் தருகின்றனவே என்று நீங்கள் கேட்கலாம். பயன்படுத்துங்கள். ஆனால், அது எழுதித் தந்த ஒவ்வொரு வரியும் என்ன செய்கிறது என்று உங்களால் நண்பருக்கு விளக்க முடிய வேண்டும். விளக்க முடியாத வரியில் பிழை வந்தால் அதைத் திருத்தவும் உங்களால் முடியாது.

கேள்வி 3: தமிழ் சரியாக வருமா?

ஆங்கிலத்தில் எழுதப்பட்ட மென்பொருள் விமர்சனங்கள் பெரும்பாலும் கேட்காத கேள்வி இது. நமக்கோ இதுதான் முக்கியமானது.

கணினிக்கு எழுத்து தெரியாது, எண் மட்டுமே தெரியும். எந்த எண் எந்த எழுத்தைக் குறிக்கிறது என்ற உடன்பாடே குறியாக்கம். முன்பு ஒவ்வோர் எழுத்துரு உருவாக்குநரும் தமக்கென ஓர் எண் வரிசையை வைத்திருந்தார்கள். ஒரு நாளிதழின் பக்கத்தைப் படிக்க அந்த நாளிதழின் எழுத்துருவைப் பதிவிறக்க வேண்டியிருந்தது. இல்லையென்றால் திரையில் பொருளற்ற குறிகள்தாம் தெரியும். இதற்குத் தீர்வு தேடியதில் நம் வட்டாரத்திற்குப் பெரும் பங்குண்டு. 1997 மே மாதம் சிங்கப்பூரில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை முன்னின்று நடத்தியவர் சிங்கப்பூர் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி. முரசு அஞ்சல் மென்பொருளை உருவாக்கியவர் மலேசியரான முத்து நெடுமாறன். ஆப்பிள் கருவிகளில் உள்ள இணைமதி, தமிழ் சங்கம் எம்என் ஆகிய எழுத்துருக்களும் அவருடைய படைப்புகளே.

இன்று உலகமே யூனிகோடு என்ற ஒரே குறியாக்கத்தைப் பின்பற்றுகிறது. அதில் தமிழுக்கு 2944 முதல் 3071 வரை 128 இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. கோப்பில் சேமிக்கும்போது யூடிஎஃப்-8 என்ற முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட் இடம் பெறுகிறது. ஆங்கில எழுத்துக்கு 1 பைட் போதும்.

"தமிழ்" என்ற சொல்லைப் பாருங்கள். நம் இலக்கணப்படி அதில் 3 எழுத்துகள். யூனிகோடு வரிசையில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என 5 குறிகள். கோப்பில் 5 × 3 = 15 பைட். எனவே, எழுத்துகளை எண்ணும் சொல்விளையாட்டு ஒன்றை ஜாவாஸ்கிரிப்டில் எழுதினால், நீளத்தை அளக்கும் வழக்கமான கட்டளை 3 என்று சொல்லாது, 5 என்றே சொல்லும். இது மொழியின் குறையன்று. கட்டளை எழுத்தை எண்ணாமல் குறியை எண்ணுகிறது. அண்மைய உலாவிகளில் உள்ள செக்மென்டர் என்ற வசதி, சேர்ந்து தோன்றும் குறிகளை ஒரே எழுத்தாகக் கொண்டு 3 என்று எண்ணித் தரும்.

இன்னொன்று. "கெ" என்று எழுதும்போது கோப்பில் முதலில் க, அடுத்து ஒற்றைக்கொம்பு என்ற வரிசையில் பதிவாகிறது. திரையில் கொம்பு முன்னே வர வேண்டும். இந்த இடமாற்றத்தைச் செய்யத் தெரியாத வரைகலை மென்பொருளில் கொம்பு இடம் மாறி நிற்கும், அல்லது புள்ளிகளால் ஆன வட்டம் ஒன்று தோன்றும்.

ஆகவே, எந்தக் கருவியையும் ஏற்கும் முன் மூன்று சோதனைகள் செய்யுங்கள். "கொடி, கெண்டை, கோவில், நெய், பௌர்ணமி, ஸ்ரீ" என்று தட்டச்சு செய்து, கொம்பும் காலும் சரியான இடத்தில் நிற்கின்றனவா என்று பாருங்கள். கோப்பைச் சேமித்து, மூடி, மீண்டும் திறந்து பாருங்கள். பின்னர், வேறொருவரின் கைப்பேசியில் அதே பக்கத்தைத் திறந்து பாருங்கள். தமிழுக்குப் பதிலாகத் தலையில் கோடு போட்ட ஐரோப்பிய எழுத்தும், வட்டத்துக்குள் ஓர் எழுத்துள்ள சின்னமும் திரும்பத் திரும்ப வந்தால், பக்கம் யூடிஎஃப்-8 முறையில் உள்ளது என்பதை உலாவிக்கு நீங்கள் சொல்லவில்லை என்று பொருள். எச்டிஎம்எல் கோப்பின் தலைப்பகுதியில் ஒரே வரி சேர்த்தால் சரியாகிவிடும். பக்கத்தின் மொழி தமிழ் என்றும் குறிப்பிடுங்கள். பார்வைக் குறையுள்ளவர்களுக்குப் பக்கத்தைப் படித்துக் காட்டும் மென்பொருள், அதைப் பார்த்தே தமிழ்க் குரலைத் தேர்ந்தெடுக்கும்.

எழுத்துருவுக்குப் பணம் செலவிட வேண்டியதில்லை. நோட்டோ சான்ஸ் தமிழ், மீரா இனிமை, முக்தா மலர், கட்டமரன் போன்றவை இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு தளத்தில் இரண்டு எழுத்துருக்களுக்கு மேல் சேர்க்காதீர்கள். ஒவ்வொன்றும் வாசகர் பதிவிறக்க வேண்டிய கூடுதல் கோப்பு.

கேள்வி 4: வாசகரின் கைப்பேசியில் விரைவாகத் திறக்குமா?

நீங்கள் பெரிய திரையில், பள்ளி ஆய்வகத்தின் இணைய இணைப்பில் தளத்தை உருவாக்குகிறீர்கள். உங்கள் பாட்டி அதைப் பழைய கைப்பேசியில், கைப்பேசித் தரவில் பார்ப்பார். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

கைப்பேசியில் எடுத்த ஒரு படம் 4000 × 3000 படப்புள்ளிகள் கொண்டது. அதாவது 12 மில்லியன் புள்ளிகள். அதன் கோப்பளவு ஏறக்குறைய 4 மெகாபைட் எனக் கொள்வோம். ஒரு பைட் என்பது 8 பிட். ஆகவே ஒரு படம் 32 மெகாபிட். விநாடிக்கு 8 மெகாபிட் வேகமுள்ள இணைப்பில் ஒரு படம் வர 4 விநாடி ஆகும். நிகழ்ச்சிப் பக்கத்தில் 12 படங்கள் இருந்தால் 48 விநாடி. அவ்வளவு நேரம் யாரும் காத்திருக்கமாட்டார்கள்.

அதே படத்தை 1200 × 900 புள்ளிகளாகச் சுருக்கினால் 1.08 மில்லியன் புள்ளிகள். பழையதில் பதினொன்றில் ஒரு பங்கு. கோப்பளவு 200 கிலோபைட்டுக்கு இறங்கினால், 12 படங்களும் சேர்ந்து 2.4 மெகாபைட். அதாவது 19.2 மெகாபிட், நேரம் 2.4 விநாடி. கைப்பேசித் திரையில் பார்ப்பவருக்கு இரண்டு படங்களுக்கும் வேறுபாடு தெரியாது.

இதைச் செய்ய விலையுயர்ந்த மென்பொருள் தேவையில்லை. கிம்ப் என்ற திறமூல மென்பொருள் போதும். உலாவியிலேயே இயங்கும் ஸ்குவூஷ் இன்னும் எளிது. புகைப்படத்திற்கு ஜேபெக் அல்லது வெப்பி வடிவம் பொருந்தும். எழுத்தும் கோடுகளும் உள்ள வரைபடத்திற்குப் பிஎன்ஜி வடிவம் நல்லது. கழகச் சின்னத்தை இன்க்ஸ்கேப் என்ற இலவச மென்பொருளில் வரைந்து எஸ்விஜி வடிவில் சேமித்தால், எவ்வளவு பெரிதாக்கினாலும் விளிம்பு சிதையாது. எஸ்விஜி படத்தைப் புள்ளிகளாகச் சேமிக்காமல், கோடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்ற கணக்காகச் சேமிப்பதே அதற்குக் காரணம்.

வேகத்தையும் தோற்றத்தையும் சோதிக்கும் கருவி உங்கள் உலாவியிலேயே இருக்கிறது. குரோம் அல்லது ஃபயர்ஃபாக்ஸில் எஃப்12 விசையை அழுத்துங்கள். பக்கம் கைப்பேசியில் எப்படித் தெரியும், எந்தக் கோப்பு எத்தனை கிலோபைட், மெதுவான இணைப்பில் எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதையெல்லாம் அங்கே காணலாம்.

கேள்வி 5: நாளை வெளியேற வேண்டுமென்றால் என்ன கொண்டுபோக முடியும்?

1990களில் ஜியோசிட்டீஸ் என்ற சேவையில் பல மில்லியன் பேர் இலவசமாகத் தங்கள் பக்கங்களை அமைத்தார்கள். 1999இல் யாஹூ அதை வாங்கியது. 2009 அக்டோபரில் மூடியது. தன்னார்வலர்கள் ஒரு பகுதியைப் படியெடுத்துக் காப்பாற்றினார்கள். தங்கள் கணினியில் படி வைத்திருந்தவர்கள் வேறிடத்தில் தளத்தைத் தொடர முடிந்தது. படி வைத்திருக்காத பலருடைய பக்கங்கள் மறைந்தன.

எனவே, எந்தச் சேவையில் சேர்ந்தாலும் முதல் நாளிலேயே ஒன்று செய்யுங்கள். ஒரே பக்கத்தை உருவாக்கி, அதை வெளியே எடுத்துப் பாருங்கள். உங்களுக்குக் கிடைப்பது என்ன? உலாவியில் நேரடியாகத் திறக்கும் எச்டிஎம்எல் கோப்புகளா? கட்டுரைகளும் படங்களும் மட்டுமா? அல்லது ஒன்றுமே இல்லையா? நூறு பக்கங்கள் எழுதிய பிறகு இந்தக் கேள்வியைக் கேட்பதில் பயனில்லை.

நிரல் திருத்தியில் வேலை செய்பவர்களுக்கு கிட் என்ற மென்பொருள் துணைசெய்யும். லினக்ஸை உருவாக்கிய லைனஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் இதை எழுதினார். நீங்கள் பதிவு செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும், யார் எப்போது செய்தார் என்ற குறிப்புடன் இது சேமித்துவைக்கும். நேற்று வேலை செய்த பக்கம் இன்று உடைந்தால், நேற்றைய நிலைக்குத் திரும்பலாம். கிட்ஹப் தளத்தில் அக்கோப்புகளை வைத்து, நிலைத்தளத்தைக் கட்டணமின்றி வெளியிடவும் முடியும். அதில் கணக்குத் தொடங்கக் குறைந்தது 13 வயது ஆகியிருக்க வேண்டும்.

விலை மிகுந்த மென்பொருளின் திருட்டுப் படிகளை நாடாதீர்கள். சட்டமீறல் என்பதோடு, அவற்றுடன் தீநிரல் ஒட்டிக்கொண்டு வருவது வழக்கம். மேலே சொன்ன இலவச மென்பொருள்களே கழகத் தளத்திற்குத் தாராளம்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

நம் கழகத் தளத்திற்கு இந்த ஐந்து கேள்விகளையும் பொருத்திப் பார்ப்போம்.

நிரல் கற்க விரும்பும் மூன்று நான்கு மாணவர்கள் இருக்கிறார்கள், தளம் பல ஆண்டுகள் நீடிக்க வேண்டும் என்றால், நிரல் திருத்தியும் எச்டிஎம்எல், சிஎஸ்எஸ் கோப்புகளும் போதும். எழுதுபவர்கள் பலர், நிரல் தெரிந்தவர் ஒருவர், தொடர்ந்து புதுப்பிக்க ஓர் ஆசிரியர் முன்வருகிறார் என்றால் வேர்ட்பிரஸ் பொருந்தும். இரண்டு வாரத்தில் நடக்கவிருக்கும் பொங்கல் விழாவுக்கு மட்டும் என்றால், இழுத்து வைத்துக் கட்டும் சேவையே நேரத்தை மிச்சப்படுத்தும். ஒரே மென்பொருள் எல்லாச் சூழலுக்கும் சிறந்ததாக இருக்க முடியாது.

எந்த வழியில் போனாலும் நான்கு ஏற்பாடுகள் கட்டாயம். கணக்கு தனி மாணவரின் பெயரில் இல்லாமல், கழகத்தின் மின்னஞ்சலில் இருக்க வேண்டும். கடவுச்சொல்லை ஆலோசக ஆசிரியரும் ஒரு மாணவப் பொறுப்பாளரும் அறிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு தவணை முடிவிலும் முழுத் தளத்தின் படி ஒன்றைப் பள்ளியின் வன்தட்டில் சேமிக்க வேண்டும். மாணவர்களின் முழுப் பெயரையும் படத்தையும் வெளியிடும் முன் பெற்றோரின் ஒப்புதலைப் பெற வேண்டும்.

இன்று படிவம் 1 மாணவர் ஒருவர் எழுதும் முதல் கவிதை உங்கள் தளத்தில் வெளிவரலாம். பத்தாண்டுகள் கழித்து அவர் அதைத் தேடி வரும்போது அது அங்கே இருக்குமா என்பது, நீங்கள் இப்போது தேர்ந்தெடுக்கும் கோப்பு வடிவத்தையும் எடுத்துவைக்கும் படியையும் பொறுத்தது.

செய்து பாருங்கள்

1. உலாவியில் எஃப்12 விசையை அழுத்தி, கன்சோல் என்ற பகுதிக்குச் செல்லுங்கள். மேற்கோள் குறிக்குள் உங்கள் பெயரைத் தமிழில் எழுதி, அதன்பின் ஒரு புள்ளி வைத்து, நீளத்தைக் குறிக்கும் லெங்க்த் என்ற சொல்லைச் சிறிய ஆங்கில எழுத்துகளில் சேர்த்து எண்டர் விசையை அழுத்துங்கள். வரும் எண்ணை, நீங்கள் கையால் எண்ணிய எழுத்துகளின் எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள்.

2. உங்கள் கைப்பேசிப் படம் ஒன்றை 1200 புள்ளி அகலத்திற்குச் சுருக்குங்கள். கோப்பளவு எத்தனை மடங்கு குறைந்தது?

மீள்பார்வை வினாக்கள்

1. ஆட்டம் திருத்தி நின்றுபோனபோது அதில் எழுதிய பக்கங்கள் தப்பின. ஃபிளாஷ் நின்றுபோனபோது அதில் செய்தவை திறக்காமல் போயின. ஏன்?

2. "மலேசியா" என்ற சொல் யூடிஎஃப்-8 முறையில் எத்தனை பைட் இடம் பெறும்? குறிகளைப் பிரித்து எழுதிக் கணக்கிடுக.

3. விநாடிக்கு 16 மெகாபிட் வேகமுள்ள இணைப்பில், தலா 3 மெகாபைட் அளவுள்ள 10 படங்கள் வர எத்தனை விநாடி ஆகும்?

4. உங்கள் பள்ளி நூலகத்திற்கு, புத்தகங்களை முன்பதிவு செய்யும் வசதியுடன் ஒரு தளம் தேவை. அது நிலைத்தளமா, இயங்குதளமா? காரணம் தருக.

விடைகள்: 2) ம, ல, ஏகாரக் குறி, ச, இகரக் குறி, ய, கால் என 7 குறிகள், 21 பைட். 3) 30 மெகாபைட் = 240 மெகாபிட்; 15 விநாடி. முதல் வினாவையும் நான்காம் வினாவையும் நண்பர்களுடன் கலந்துரையாடி எழுதுங்கள்.

கலைச்சொற்கள்

உலாவி: இணையப் பக்கங்களைத் திறந்து காட்டும் மென்பொருள்.
வழங்கி: தளத்தின் கோப்புகளை வைத்திருந்து, கேட்பவருக்கு அனுப்பும் கணினி.
குறியாக்கம்: எழுத்துகளுக்கு எண் ஒதுக்கும் முறை.
திறமூல மென்பொருள்: மூலநிரலை எவரும் படிக்கவும் மாற்றவும் பகிரவும் உரிமம் தரும் மென்பொருள்.
செருகுநிரல்: ஒரு மென்பொருளுக்குக் கூடுதல் வசதி சேர்க்கும் சிறு நிரல்.
தீநிரல்: கணினிக்கோ தரவுக்கோ கேடு விளைவிக்க எழுதப்பட்ட நிரல்.